மறு: சாக்கெட்டுக்குத் தமிழ்: குழியா, கூடா, பூணா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செயற்கைக் கால் பயிற்சிக் கையேட்டின் மொழிபெயர்ப்பு 'சாக்கெட்' என்ற ஒரு சொல்லில் ஒரு வாரமாக நிற்கிறது. செயற்கைக் காலின் மேல்முனையில், வெட்டிய பின் மிஞ்சிய காலை வாங்கிக்கொள்ளும் கிண்ணம் அது. வந்த மடல்களுக்கு மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

> கண்குழி என்கிறோமே, அதுபோல 'பொருத்துகுழி' என்று வைத்துவிட்டுப் போகலாம்.

போகலாம்தான். ஆனால் அதே கையேட்டில் இரண்டு பக்கம் தள்ளி இடுப்பு மூட்டின் குழி வருகிறது. அது எலும்பிலேயே இருப்பது, இது செய்து மாட்டுவது. அதோடு, குழி என்றால் காலை உள்ளே விட்டால் போதும் என்று தோன்றுகிறது. சாக்கெட் அப்படிப்பட்ட பொருள் அல்ல.

முழங்காலுக்குக் கீழே எடுத்த காலுக்கு அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். மாவுக்கட்டு போடுவதுபோல மீதிக்காலைச் சுற்றி அச்சு எடுத்து, அதில் சாந்து ஊற்றிக் காலின் உருவத்தை வார்க்கிறார்கள். பிறகு அரத்தோடு உட்கார்ந்து அந்த உருவத்தைத் திருத்துகிறார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் பாரம் தாங்கும் என்பதால் அங்கே சீவுகிறார்கள். சாக்கெட் அந்த இடத்தில் அழுந்தும். வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு முனை தாங்காது, அங்கே சாந்தை அப்புகிறார்கள். சாக்கெட் அதைத் தொடாமல் விலகி நிற்கும். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வகுத்த முறை இது. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதுதான் இதன் முழுச் சூட்சுமம்.

(மீதிக்கால் என்றே எழுதுகிறேன். 'எச்ச உறுப்பு' வேண்டாம், எச்சம் என்றதும் காக்கைதான் நினைவுக்கு வருகிறது.)

> 'கூடு' அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் 'கால்கூடு' என்று எழுதினால் பாதிப் பேர் எலும்புக்கூடு என்று படிப்பார்கள். 'உறை' என்ற சொல்லும் கைவசம் இல்லை. உள்ளே போடும் சிலிக்கோன் லைனருக்கு அது வேண்டும்.

என் பரிந்துரை: பூண்.

உலக்கையின் முனையில் போடும் இரும்பு வளையம் பூண். யானைத் தந்தத்தில் மாட்டும் கிம்புரிக்கும் அகராதியில் பூண் என்றுதான் பொருள். ஒன்றின் முனையைச் சுற்றிக் கவ்விக்கொண்டு நிற்பது. பூணுதல் என்றால் அணிதல் என்பதும் சேர்ந்துகொள்கிறது. வளையத்தைக் கிண்ணமாக நீட்டுகிறோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சொல் தேறுமா என்று பார்க்க எனக்கு ஒரே சோதனைதான்: காலை மாட்டியிருப்பவர் வாயில் அது வருமா? "பூண் கடிக்கிறது." செருப்பு கடிப்பதுபோல, சரியாக வருகிறது. மீதிக்கால் பகல் போகப்போகச் சுருங்குவதால் மாலையில் காலுறை ஒன்று கூட்டிப் போடுவார்கள், அப்போது "பூண் தளர்ந்துவிட்டது." இதுவும் சரி. இறுதிப் பூணுக்கு முன், தோல் எங்கே வெளுக்கிறது என்று பார்க்கக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் ஒன்று செய்வார்களே, அதற்கு 'வெள்ளோட்டப் பூண்'.

> மின்கைகள் வந்த பிறகு இந்தப் பழைய பாகத்துக்குப் புதுச்சொல் எதற்கு?

மின்கை, அதாவது மின்சாரத்தில் இயங்கும் செயற்கைக் கை, வந்த பிறகுதான் இன்னும் தேவை. தசை சுருங்கும்போது எழும் சிறு மின்னழுத்தத்தைப் பிடிக்கும் மின்வாய்கள் பூணின் உட்சுவரில்தான் பதிந்திருக்கின்றன. பூண் சற்று நழுவி மின்வாய் தோலை விட்டு விலகினால், எவ்வளவு விலை உயர்ந்த கையானாலும் விரல் மடங்காது.

பூணே வேண்டாம் என்னும் வழியும் ஒன்று உண்டு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்று ஸ்வீடனில் பிரோனேமார்க் என்ற ஆய்வாளர் கண்டது முதலில் பல்லுக்குப் பயன்பட்டது. 1990இல் அவர் மகன் தொடை எலும்பில் தண்டு பொருத்தி அதில் செயற்கைக் காலை மாட்டினார். தண்டு தோலைத் துளைத்து வெளியே வருவதால் அந்த வாயில் தொற்று வரும் தொல்லை உண்டு. ஆகவே பூணுக்கு இப்போதைக்கு ஓய்வில்லை. அந்த முறைக்கு 'எலும்பு ஒருங்கிணைப்பு' என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அரசாணை வாடை அடிக்கிறது. 'எலும்பூன்றல்' எப்படி?

மறுப்பு இருந்தால் திங்கட்கிழமைக்குள் எழுதுங்கள், கையேட்டின் மூன்றாம் இயல் காத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம், லைனருக்கு 'உள்ளுறை' போதுமா, 'மெத்துறை' என்று வைக்கலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.