சாப்பாட்டுப் பாடம்: சொல் வருகிறது, வாக்கியம் வரவில்லை

கேள்வி – கரும்பலகை

அரசுப் பள்ளி, நாலாம் வகுப்பு, 30 பிள்ளைகள், 40 நிமிட இங்கிலீஷ் பீரியட். பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர், கூடவே 15 உணவுப் பெயர்களைப் படம் காட்டி நடத்தியாயிற்று. படத்தைத் தூக்கினால் வகுப்பே கத்துகிறது. தனியாக எழுப்பி "வாட் டூ யூ ஹேவ் ஃபார் பிரேக்ஃபாஸ்ட்?" என்றால் "இட்லி" என்று நிறுத்திவிடுகிறார்கள், இல்லையென்றால் "ஐ ஆம் பிரேக்ஃபாஸ்ட் இட்லி". அடுத்த பீரியடில் எதை மாற்றலாம்?

பதில் – சாக்பீஸ்

15 சொல் அதிகம் டீச்சர். இட்லி, தோசை, பொங்கல் எல்லாம் இங்கிலீஷிலும் அதேதான், அதற்குப் படமே வேண்டாம். ரைஸ், எக், மில்க், ஃப்ரூட், வெஜிடபிள்ஸ், இந்த ஐந்து போதும். மிச்ச நேரம் வாக்கியத்துக்கு.

"ஐ ஆம்" வருவதில் ஆச்சரியமில்லை. முதல் வகுப்பிலிருந்து பெயர், வயது சொல்லியே பழகியதால் "ஐ" வந்தாலே "ஆம்" ஒட்டிக்கொள்ளும். "ஐ ஹேவ் எ பென்" படித்தவர்களுக்கு "ஹேவ்" என்றால் கையில் இருப்பது; சாப்பிடுவதற்கும் அதே சொல் என்பதைச் சாப்பிடுவதுபோல் நடித்துக் காட்டிவிடுங்கள். பிறகு வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள்: "ஃபார் பிரேக்ஃபாஸ்ட்", அடுத்து "இட்லி ஃபார் பிரேக்ஃபாஸ்ட்", கடைசியாக "ஐ ஹேவ் இட்லி ஃபார் பிரேக்ஃபாஸ்ட்". முன்னாலிருந்து கட்டினால் வால் பகுதியை விழுங்கிவிடுவார்கள்.

தமிழில் நாம் எழுதுவது பிரேக்ஃபாஸ்ட் என்றாலும் வாயில் வர வேண்டியது "பிரெக்ஃபஸ்ட்"; "ரெ", "ஃப" இரண்டும் குறில்.

பதில் – கடைசி பெஞ்ச்

சாக்பீஸ் சொன்னதை 10 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் கோரஸ் போட்டால் பாதிப் பேர் வாயசைப்பார்கள்.

பெரிய சிக்கல் கேள்வியில் இருக்கிறது. மதியம் எல்லாருக்கும் ஒரே சத்துணவு. காலை உணவுத் திட்டம் வந்தபின் பள்ளி நாட்களில் காலையிலும் பலருக்கு ஒரே உப்புமா, ஒரே பொங்கல். பதில் முன்பே தெரிந்த கேள்விக்கு எந்தப் பிள்ளை முழு வாக்கியம் சொல்லும்? "ஆன் சண்டேஸ்" என்று சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் டின்னரைக் கேளுங்கள். நோட்டில் மூன்று கட்டம்: பெயர், ஞாயிறு காலை, இரவு. நான்கு பேரிடம் கேட்டு நிரப்ப 8 நிமிடம். நோட்டை நீட்டிக் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். "வாட் டூ யூ ஹேவ்" பலகையிலேயே இருக்கட்டும், அழித்தால் "வாட் யூ ஹேவ்" ஆகிவிடும்.

"இன்று என்ன சாப்பிட்டாய்?" வேண்டவே வேண்டாம். அதற்கு இறந்தகாலம் தேவை. சாப்பிடாமல் வந்த பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தியதாகவும் ஆகும்.

கரும்பலகை

நிரப்பியதை "மீனா ஹேஸ்..." என்று சொல்ல வைக்கலாமா?

கடைசி பெஞ்ச்

அடுத்த பீரியடில் வையுங்கள் டீச்சர். "ஹேவ்" உறைக்கும் முன் "ஹேஸ்" வந்தால் "ஐ ஹேஸ்" கிளம்பும்.

பதில் – மார்ஜின்

நோட்ஸ் ஆஃப் லெசனில் (ஆசிரியர் எழுதும் பாடக் குறிப்பில்) "மாணவர்கள் ஆர்வமுடன் கற்றனர்" என்று எழுதுவது பார்வையிட வருபவருக்குத்தான் உதவும். முன், நடு, பின் வரிசைகளில் இரண்டிரண்டு பேராக ஆறு பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 8 நிமிடத்தில் யார் முழு வாக்கியம் சொன்னார், யார் சொல்லவில்லை என்று டிக் போடுங்கள். அதிகம் காதில் விழுந்த ஒரு பிழையை மட்டும் பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள். அடுத்த பீரியடின் முதல் 5 நிமிடம் அந்தப் பிழைக்கு.