உள்சுவருக்கு மரச்சட்டமா, ஜி.ஐ. சேனலா? பட்டதைச் சொல்லுங்கள்

புதுச்சுவர்: பெரிய அறை ஒன்றை இரண்டாகத் தடுக்கப் போகிறோம். இரு பக்கமும் ஜிப்சம் போர்டு. நடுவே போர்டைத் தாங்கி நிற்கும் செங்குத்துச் சட்டம், அதாவது ஸ்டட், மரமா, துத்தநாகம் பூசிய இரும்புத் தகடா (ஜி.ஐ. சேனல்) என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. அடித்தவர்கள், அந்தச் சுவரோடு குடியிருப்பவர்கள், இரு தரப்பும் எழுதுங்கள்.

மரத்தூள்: நான் தச்சுவேலைக்காரன், மரத்துக்குத்தான் பேசுவேன் என்று நினைப்பீர்கள். மரத்தில் எனக்கே ஒரு பெரிய புகார் உண்டு: ஈரம். 'காய்ந்த மரம்' என்று வரும் கட்டையிலேயே 19 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். சுவருக்குள் நின்று 10 சதவீதத்துக்குப் பக்கமாக இறங்கும்போது கட்டை சுருங்கும், சிலது முறுக்கும். அடித்த அன்று ரசமட்டத்தில் குறையே தெரியாது. வறண்ட பருவம் வந்ததும் பட்டிக்குள்ளிருந்து ஆணித்தலைகள் எட்டிப் பார்க்கும். வீட்டுக்காரர் பெயிண்டரைத் திட்டுவார். அதனால் கட்டைகளை வேலை நடக்கும் அறையிலேயே இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கி, காற்றாட விட்டுத்தான் அறுப்பேன். இந்தப் பொறுமை இல்லாதவர் தகட்டுக்கே போகலாம்.

ஸ்க்ரூகன்: போர்டு வேலை எனக்கு. தகட்டு ஸ்டட் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், கரையான் தொடாது, கத்திரியில் வெட்டிவிடலாம். கையுறை மட்டும் கட்டாயம். ஆனால் அதற்கு ஒரு திசை உண்டு, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஸ்டட்டின் ஒரு பக்கம் திறந்திருக்கும், மறுபக்கம் முதுகு. எல்லா ஸ்டட்டும் ஒரே திசை பார்க்க நிற்க வேண்டும். இரண்டு போர்டு சேரும் இடத்தில், திறந்த விளிம்பின் பக்கம் வரும் போர்டை முதலில் ஸ்க்ரூ செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டாவது ஸ்க்ரூ இறங்கும்போது விளிம்பு உள்ளே மடங்கி, ஒரு போர்டு தூக்கி நிற்கும். அந்த மேட்டை எவ்வளவு பட்டி போட்டாலும் பக்கவாட்டு வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்க்ரூவும் வேறு: தகட்டுக்கு நெருக்கமான மரை, மரத்துக்கு அகன்ற மரை. மேலே ஸ்லாப் என்றால் ஸ்டட்டின் தலை உட்காரும் மேல் டிராக்கில் (கிடைமட்டச் சேனல்) அதை முறுக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுவோம். ஸ்லாப் தாழ்ந்தாலும் சுவர் வெடிக்காது.

மூன்றாம்மாடி: தகட்டுச் சுவர் வீட்டில் குடியிருக்கிறேன். டிவி மாட்ட வந்தவர் ஸ்டட்டைக் கண்டுபிடித்து, அதிலேயே ஸ்க்ரூ போட்டார். ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு, பாவம் எதைப் பிடிக்கும்? கடைசியில் போர்டை வெட்டி, உள்ளே பிளைவுட் வைத்து மூட வேண்டியிருந்தது. போர்டு மூடுவதற்கு முன்பே கட்டியவர்கள் வைத்திருக்கலாம். சத்தம் மட்டும் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

ஸ்க்ரூகன்: அது சரிதான். மெல்லிய தகடு சற்று வளைந்து கொடுக்கும், அதனால் ஒரு பக்க அதிர்வு மறுபக்கம் முழுசாகப் போகாது. மரக்கட்டை விறைப்பு, அப்படியே கடத்திவிடும். கனமான கேஜ், அதாவது தடித்த தகடு, போட்டால் தகட்டிலும் அந்த லாபம் குறையும்.

பேஸ்நியூட்ரல்: வயரிங் பக்கம் ஒரு வார்த்தை. தகட்டில் ஓட்டை தயாராக இருக்கும், துளை போடும் வேலை மிச்சம். அந்த ஓட்டையின் விளிம்பு கத்தி. விளிம்பை மூடும் பிளாஸ்டிக் வளையம் (புஷ்) போடாமல் கேபிளை இழுத்தால் உறை கிழியும், சட்டம் முழுக்க மின்சாரம் ஏறலாம். செம்புக் குழாயும் துத்தநாகம் பூசிய தகடும் நேராகத் தொடக் கூடாது, அரிப்பு வரும்.

புதுச்சுவர்: தீ விஷயத்தில் தகடுதான் பத்திரம் என்கிறார் மாமா.

ஸ்க்ரூகன்: தகடு எரியாது, சரி. ஆனால் சூட்டில் தளரும். தீயைத் தடுப்பது பெரும்பாலும் போர்டுதான். தீத்தடுப்பு வகைப் போர்டு, 16 மி.மீ., இரு பக்கமும் முறையாக அடித்தால் மரச்சட்டத்திலும் ஒரு மணி நேரத் தரம் கிடைக்கும். மாமாவிடம் கதவு எங்கே வருகிறது என்று கேளுங்கள், அதுதான் முக்கியம். கதவு அடிபடும் இடத்தில் மெல்லிய ஸ்டட் ஆடும். அங்கே கனமான கேஜ், அல்லது சேனலுக்குள் மரக்கட்டை சொருகித்தான் கதவு நிலையை முறுக்குவேன்.

மரத்தூள்: சமையலறை அலமாரி வரும் சுவருக்கும் அதே கட்டைதான். முழு மரமாகவே போவதென்றால், கான்கிரீட் தரையில் உட்காரும் அடிக்கட்டை மட்டுமாவது மருந்தேற்றிய மரமாக இருக்கட்டும்.