உதவி: விட்சர் 4 கதைக் கணிப்பு, சிரியோட கண் விஷயத்துல முட்டி நிக்குறேன்

நள்ளிரவுவாசி:
எல்லாருக்கும் வணக்கம். கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடுற விட்சர்களைப் பத்தின வீடியோ கேம் வரிசையில, விட்சர் 4 கதை எப்படிப் போகும்னு ஒரு கணிப்பு எழுதிட்டிருக்கேன். முக்கால்வாசி முடிஞ்சுது, ஒரே இடத்துல மாட்டிக்கிட்டேன். மூணு வாரமா நகரல. விட்சர் 3ஐ ரெண்டு தடவை முடிச்சிருக்கேன், ஆனா கேமுக்கு அடிப்படையான நாவல்கள் படிச்சதில்லை. படிச்சவங்க கொஞ்சம் கை கொடுங்க.

கணிப்பு இதுதான். 2022 மார்ச்சுல வந்த முதல் படத்துல பனிக்குள்ள பாதி புதைஞ்சு ஒரு பதக்கம் கிடந்துச்சே, அது லின்க்ஸ்ங்கிற காட்டுப்பூனையோட தலைன்னு கேமைத் தயாரிக்கிற சிடி புராஜெக்ட் ரெட்டே உறுதி பண்ணிட்டாங்க. விட்சர்கள் பயிற்சி எடுக்கிற ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மிருகப் பதக்கம் உண்டு, ஆனா லின்க்ஸ் பள்ளின்னு ஒண்ணு இதுவரைக்கும் வந்த கேம் எதுலயும் கிடையாது. அதனால இது, விட்சர் ஜெரால்ட் மகள் மாதிரி வளர்த்த சிரி தானா தொடங்குற பள்ளி, கேர் மோர்ஹென்ங்கிற விட்சர் கோட்டையில மிஞ்சினவங்க அவளோட சேர்ந்திருக்காங்கன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

சிக்கல் எங்கன்னா, 2024 டிசம்பர் ட்ரெய்லர்ல. அவ மருந்துக் குப்பியைத் திறந்து குடிக்கிறா. அடுத்த ஷாட்ல கண்ணைக் கிட்டப் போய்க் காட்டுறாங்க, கண்ணோட பாப்பா பூனைக்கு இருக்கிற மாதிரி நீளக் கோடு. அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், வெளிச்சத்தால வந்த மயக்கம் இல்லை. அப்போ, மனுஷனை விட்சரா மாத்துற மூலிகைச் சோதனையைத் தாண்டித்தான் வந்திருக்கா. என் கேள்விகள்:

அந்தச் சோதனையை அவளுக்கு யார் நடத்தினது? மூத்த விட்சர் வெசமிர் செத்தாச்சு, ஜெரால்டுக்குச் செய்முறை தெரியாது. ரெண்டாவது, அவளோட மறைஞ்சு தோன்றுற சக்தி எங்க? அந்த ஆறு நிமிஷ ட்ரெய்லர்ல ஒரு தடவைகூட அவ இடம் தாவல. அந்த ராட்சசன் அவளைத் தூக்கி அடிக்கும்போதுகூட.

இந்த ரெண்டும் அவிழலேன்னா மொத்தக் கணிப்பும் சரிஞ்சிரும்.

வாள்முனை:
ப்ரோ, முதல் கேள்விக்குப் பாதி பதில் நீங்க விளையாடினதுலயே இருக்கு. விட்சர் 3ல ஊமாவை ஞாபகம் இருக்கா? அந்தச் சாபம் பிடிச்ச குள்ள உருவம். அவனைக் கேர் மோர்ஹெனுக்குத் தூக்கிட்டு வந்து சூனியக்காரி யெனிஃபர் மூலிகைச் சோதனை பண்ணித்தான் சாபத்தை முறிப்பாங்க. வெசமிருக்குப் பிடிக்கல, இருந்தாலும் கூட நின்னு உதவுவார். உள்ள இருந்து வந்தது அவல்லாக். அதாவது சின்னப் பையன் இல்லை, வளர்ந்த ஆள், மனுஷனே இல்லாத எல்ஃப். அவனே பிழைச்சான்.

அதனால செய்முறை அழிஞ்சு போகல. மேஜையும் இருக்கு, மருந்தும் இருக்கு, பண்ணத் தெரிஞ்ச சூனியக்காரியும் இருக்கா.

நள்ளிரவுவாசி:
அட, ஊமாவை மறந்தே போயிட்டேன்! அந்தக் காட்சியில அவன் போடுற கத்தலைக் கேட்க முடியாம ஹெட்போனைக் கழட்டி வச்சேன். ஆனா யெனிஃபர் சிரிக்கு அதைச் செய்வாளா? பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவ. பெரும்பாலான பையன்கள் பிழைக்காத சோதனை அது.

கரும்பரி:
தம்பி, நான் நாவல்களை முழுசா படிச்சிருக்கேன். எனக்கென்னவோ நீங்க கேள்வியையே தப்பான முனையில பிடிச்சிருக்கீங்கன்னு தோணுது. யார் செஞ்சாங்கங்கிறதை அப்புறம் பார்ப்போம். அவ எதுக்கு அதைக் கேட்டா? அங்கிருந்து தொடங்குங்க.

சிரியோட வாழ்க்கையை நாவல்ல படிச்சா மனசு கனத்துப்போகும். அவளைத் துரத்தின ஒவ்வொருத்தனுக்கும் வேண்டியது அவ இல்லை, அவ வயித்துல பிறக்கப்போற பிள்ளை. எல்டர் ப்ளட்ங்கிற சக்தி உள்ள ரத்தத்தைச் சுமக்கிற பிள்ளை. பேரரசன் எம்ஹிர் அவளைப் பெத்த தகப்பன், அவனே அவளைக் கட்டிக்கிட்டு வாரிசு பெத்துக்கத் திட்டம் போட்டான். மந்திரவாதி வில்கெஃபோர்ட்ஸ் அவளை ஆய்வுக்கூடத்துல கட்டிப்போட்டு அந்த ரத்தத்தை எடுக்கப் பார்த்தான். வேற்றுலக எல்ஃப்களோட ராஜா ஆபெரான் மூலமா பிள்ளை வேணும்னு அவளை அங்கயே அடைச்சு வச்சாங்க. இதெல்லாம் நடக்கும்போது அவளுக்கு வயசு பதினாறு பக்கம்தான்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. மூலிகைச் சோதனையைத் தாண்டினவங்களுக்குக் குழந்தை பிறக்காது. ஜெரால்டுக்கும் யெனிஃபருக்கும் நடுவுல இருக்கிற பெரிய வலியே அதுதானே. சிரி தானா விரும்பி அந்த மேஜையில படுத்திருந்தா, அன்னியோட அவளைத் துரத்துற காரணம் எல்லாருக்கும் அத்துப்போச்சு. அவளோட ரத்தத்துல இருந்த சக்தியும் அந்த மருந்துல எரிஞ்சுபோயிருந்தா, உங்க ரெண்டாவது கேள்விக்கும் இதே பதில்தான். ட்ரெய்லர்ல அவ ஏன் தாவலன்னா, தாவ முடியாது. அதைக் கொடுத்துத்தான் இந்தக் கண்ணை வாங்கியிருக்கா.

நள்ளிரவுவாசி:
அண்ணா, இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். நான் அந்தக் கண்ணை ஒரு பவர்-அப் மாதிரி பார்த்துட்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். தீர்க்கதரிசனம் ஒண்ணு இருக்கே. ஒயிட் ஃப்ராஸ்ட் வந்து உலகம் உறையும், அந்த ரத்தம்தான் காப்பாத்தும்னு. ரத்தத்தை அழிச்சுட்டா உலகத்தைக் கைவிட்ட மாதிரி ஆகாதா? சிரி அப்படிச் செய்ற ஆள் இல்லை.

வாள்முனை:
அது விட்சர் 3 கடைசியிலயே முடிஞ்ச கணக்கு ப்ரோ. அண்ட்விக் தீவுல கோபுரத்துக்குள்ள அவ தனியா போறது அதுக்குத்தானே. பிள்ளை பெத்து அந்தப் பிள்ளை வந்து காப்பாத்தணும்னு எல்லாரும் காத்திட்டிருந்தாங்க, அவளே போய் முடிச்சிட்டா. அதுக்கப்புறம் அந்த ரத்தத்தால உலகத்துக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. ஆசைப்படுறவங்களுக்கு மட்டும்தான் அது வேணும்.

பனிமலர்:
உள்ள வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் ஒரு உதவி வேணும். என் விட்சர் 3ல சிரி பேரரசி ஆயிட்டா. அவளை எம்ஹிர் இருக்கிற விசிமாவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். என் தங்கச்சி விளையாடினதுல சிரி திரும்பியே வரல. அவ செத்துட்டான்னு தங்கச்சி அன்னிக்குச் சாப்பிடக்கூட இல்லை. எங்க ரெண்டு பேர் கதையும் இப்போ செல்லாதா?

வாள்முனை:
செல்லாதுன்னு நினைக்க வேண்டாம் அக்கா. தங்கச்சிக்கு வந்த முடிவுல சிரியோட உடலை யாருமே பார்க்கல. சிரி விட்சரா ஆகிற இன்னொரு முடிவுலகூட ஜெரால்ட், அவ செத்துட்டான்னு எம்ஹிர்கிட்ட பொய்தானே சொல்றார். பேரரசி ஆன சிரியும் அரண்மனையை விட்டுக் கிளம்பி வரலாம், அதுவும் ஒரு கதைதான். இன்னொண்ணு, விட்சர் 3 தொடக்கத்துல விசிமா அரண்மனையில ஜெரால்டுக்குச் சவரம் நடக்கும்போது எம்ஹிரோட தளபதி வூர்ஹிஸ் கேள்வி கேட்பான். விட்சர் 2ல நீங்க என்ன முடிவு எடுத்தீங்கங்கிறதை அந்தப் பேச்சுலயே வாங்கிப்பாங்க. அப்படி ஒரு வழியை மறுபடியும் வைப்பாங்கன்னு நம்புறேன்.

தங்கச்சி மறுபடி விளையாடினா, வெசமிர் செத்தப்புறம் சிரி நொந்துபோய் உட்கார்ந்திருக்கிற இடத்துல குடிக்கக் கூப்பிட வேண்டாம், பனிப்பந்து எறிஞ்சு விளையாடச் சொல்லுங்க. ஸ்கெல்லிகே தீவுகள்ல, அவளுக்கு உதவின ஸ்க்யால்ங்கிற பையனோட கல்லறைக்கும் அவகூடப் போகணும். அவளைக் குழந்தையா நடத்தாம, அதே சமயம் தனியா விடாம இருந்தா போதும், வந்துருவா.

பனிமலர்:
ரொம்ப நன்றி தம்பி. இன்னிக்கே சொல்றேன்.

நள்ளிரவுவாசி:
இப்போ பாக்கி இருக்கிறது யார் செஞ்சதுங்கிறது மட்டும்தான். யெனிஃபர்னு எழுத மனசு வரல.

கரும்பரி:
கோவிர்ங்கிற நாட்டைப் பாருங்க. 2025 ஜூன்ல வந்த, அன்ரியல் எஞ்சின் 5ங்கிற கேம் உருவாக்குற மென்பொருளோட டெமோ நடக்கிற இடம் அதுதான். சிரி கெல்பிங்கிற கறுப்புக் குதிரையில மலைப்பாதையில வந்து வால்ட்ரெஸ்ட் துறைமுகச் சந்தைக்குள்ள நுழையுறா. முந்தின மூணு கேம்லயும் நாம கால் வைக்காத நாடு. ஏன் அங்க போகணும்?

விட்சர் 3ல நோவிகிராட் நகரத்துல சூனியக்காரங்களைக் கம்பத்துல கட்டி எரிச்சப்போ, சூனியக்காரி டிரிஸ் அவங்களைக் கப்பலேத்தி அனுப்பினது எங்க? கோவிருக்கு. மூலிகைச் சோதனைக்கு மந்திரம் தெரிஞ்சவங்க வேணும், அவங்க கூட்டமா இருக்கிற ஊர் இப்போ அதுதான்.

இன்னொண்ணும் இருக்கு. நாவல்ல சூனியக்காரிகள் சங்கம் சிரிக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வச்சிருந்துச்சு. கோவிர் இளவரசன் டாங்க்ரெட். அந்த ரத்தத்தைத் தங்க கைக்குள்ள இருக்கிற சிம்மாசனத்துல ஏத்தத்தான். இப்போ அந்த டாங்க்ரெட்தான் அங்க ராஜா. தனக்குப் பெண்டாட்டியா வரவேண்டியவ பதக்கமும் பூனைக்கண்ணுமா, கூலிக்குப் பேய் ஓட்டுறவளா அவன் சந்தைக்குள்ளயே வந்து நிக்கிறா. எனக்கு இது தற்செயலா படல.

நள்ளிரவுவாசி:
மாப்பிள்ளை விஷயம் எனக்குச் சுத்தமா தெரியாது!! அப்போ என் கணிப்புல சங்கத்தையே வில்லனா வைக்கலாம் போலிருக்கே.

வாள்முனை:
ஒரு ஓட்டை மட்டும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. ஜெரால்ட் இதுக்கு எப்படி ஒத்துக்கிட்டார்? அவர் வர்றார், ஆனா கதை அவரைச் சுத்தி இல்லைன்னு குரல் கொடுக்கிற டக் காக்கிள் 2024லயே சொல்லிட்டார். சிரி சாகக்கூடும்னு தெரிஞ்சும் சும்மா இருக்கிற ஆளா அவர்? நீங்க எழுதும்போது இதைத் தாண்டிப் போயிடாதீங்க.

கரும்பரி:
நல்ல கேள்வி. அவர்கிட்ட சொல்லாமலேயே போயிருப்பான்னு நான் நினைக்கிறேன். சின்ன வயசுல கேர் மோர்ஹென்ல அவளுக்குக் காளானும் மூலிகையும் கொடுத்துப் பழக்கினப்போ, இதை நிறுத்துங்கன்னு டிரிஸ் சண்டை போட்டா. அவளுக்கு அப்போ முடிவெடுக்கிற வயசு இல்லை, மத்தவங்க பேசி முடிச்சாங்க. இந்தத் தடவை யாரையும் பேச விடாம முடிச்சிருப்பா.

நள்ளிரவுவாசி:
ரெண்டு பேருக்கும் மனசார நன்றி. லின்க்ஸ் பள்ளிப் பகுதியை முழுசா அழிச்சிட்டேன். இப்போ கணிப்பு நோவிகிராட் துறைமுகத்துல, டிரிஸோட கப்பல் கிளம்புற ராத்திரியில தொடங்குது. பழைய சேவ் ஒண்ணு அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கு, கப்பல்ல யார் யார் ஏறுறாங்கன்னு இன்னிக்கு ராத்திரி நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டு வந்து இங்கேயே எழுதுறேன்.