வைப்ரேஷன் பிளேட்: அம்மாவுக்கு வாங்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயது. எலும்பு அடர்த்தி குறைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஏறி நின்றால் உடம்பே அதிரும் அந்த மெஷினைக் கேட்கிறார். தொப்பை கரையும், எலும்பு பலப்படும் என்கிறது விளம்பரம். கடையில் ஏறிப் பார்த்தேன். தொடையும் கெண்டைக்காலும் தானாக இறுகுகின்றன, தசைக்கு ஏதோ வேலை நடக்கிறது. ஆனால் மூச்சே வாங்காமல் தொப்பை எப்படிக் கரையும்?

எலும்பு விஷயம்தான் உறுத்துகிறது. டொராண்டோவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு தினமும் 20 நிமிடம் நின்றவர்களுக்கும் நிற்காதவர்களுக்கும் எலும்பு அடர்த்தியில் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே கொடுத்தது மெல்லிய அதிர்வு. கடையில் இருப்பதோ ஆளையே உலுக்குகிறது, அதுவே எனக்குப் பயம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் வேறு ஆகியிருக்கிறது.

பிசியோதெரபிஸ்டுகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இந்த நிலையில் ஏறலாமா? வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, மாடிப்படி ஏறுவது இதிலெல்லாம் வித்தியாசம் தெரிந்ததா? இல்லை, அந்தப் பணத்தில் பிசியோவிடம் அனுப்பி முறையாக உடற்பயிற்சி கற்றுக்கொள்ள வைப்பதே மேலா? அம்மா ஆசையாகக் கேட்கிறார், காரணம் சொல்லாமல் மறுக்க மனசு வரவில்லை.