மார்க் ஆண்டனி மட்டும் தெரிந்த பையனுக்கு எந்த ரகுவரனை முதலில் காட்டலாம்?

திருச்சிக்காரி

என் மகனுக்கு 19 வயது. அவனுக்கு ரகுவரன் என்றால் ‘பாட்ஷா’ மார்க் ஆண்டனி, அப்புறம் ‘முதல்வன்’ படத்து முதலமைச்சர். போன வாரம் “செம்ம வில்லன்மா” என்றான். பாராட்டாகத்தான் சொன்னான், ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை.

எனக்கு அவர் தியாகு. சிவசங்கரியின் ‘ஒரு மனிதனின் கதை’ தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது எங்கள் தெருவில் மூன்று வீட்டில்தான் டிவி இருந்தது. எங்கள் சின்ன மாமா அந்த நாளில் மட்டும் குடிக்காமல் வருவார். உள்ளே வந்து உட்காரமாட்டார். நிலையைப் பிடித்தபடி வாசலிலேயே நிற்பார். ஒரு நாள் அப்பாவிடம் சொன்னார்: “குடிகாரன்னா உளறணும்னு சினிமாவுல வச்சிருக்காங்க அத்தான். இவன் பேசாம நிக்கிறான் பாருங்க.” அவர் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ரகுவரன் படங்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பழைய பாட்டுப் புத்தகங்களும் சேர்த்திருக்கிறேன். மகனுக்கு முதலில் எதைக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் எதில் தொடங்குவீர்கள்?

நெல்லை வாசகன்

முதல் படத்திலிருந்தே தொடங்குங்கள் அக்கா. ‘ஏழாவது மனிதன்’, 1982. பாரதி நூற்றாண்டு வருஷம். ஹரிஹரன் இயக்கிய படம். பாட்டெல்லாம் பாரதியார், இசை எல்.வைத்தியநாதன். ‘காக்கைச் சிறகினிலே’ யேசுதாஸ் குரலில் எல்லார் காதிலும் இருக்கிறது. அது எந்தப் படம் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். சிமெண்ட் ஆலையால் ஊர் நாசமாவதைப் பேசிய கதை, அந்த வருஷம் தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம். அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பையனுக்கு எடுத்த எடுப்பிலேயே கதாநாயகன் வேஷம்! வில்லன் என்று யார் சொன்னாலும் நான் இந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

கும்பகோணம் கேசட் கடை

14 வருஷம் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவன், அனுபவத்தில் சொல்கிறேன் தங்கச்சி. சின்னப் பையன்களுக்கு முதலில் மெதுவான படத்தைக் கொடுத்தால் பாதியில் எழுந்துபோய்விடுவார்கள், அப்புறம் திரும்ப வரமாட்டார்கள்.

‘புரியாத புதிர்’ போடுங்கள். 1990, கே.எஸ்.ரவிகுமாரின் முதல் படம். மனைவியைச் சந்தேகப்படும் புருஷன். “ஐ நோ, ஐ நோ” என்று சொல்லிக்கொண்டே போவார். இரண்டே வார்த்தைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதன் கனம் மாறும். முதலில் சிரிப்பு வரும், அப்புறம் பயம் வரும், கடைசியில் ஐயோ பாவம் என்று தோன்றும். வில்லன் என்று நினைத்து உட்காருகிற பையனுக்கு அதுதான் சரியான வாசல்.

அதற்கப்புறம் ஸ்ரீதரின் ‘ஒரு ஓடை நதியாகிறது’, 1983. ‘தென்றல் என்னை முத்தமிட்டது’ பாட்டை ஆடியோவில் எத்தனையோ பேருக்குப் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். படத்தின் கேசட்டை வந்து கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு இன்றைக்கும் அது ஒரு குறைதான்.

பாலக்காட்டுத் தமிழன்

எங்கள் பக்கத்துக் கொல்லங்கோட்டில் பிறந்தவர், அதனால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘தெய்வத்தின்டெ விக்ருதிகள்’ உங்கள் நோட்டில் இருக்கிறதா? 1992, எம்.முகுந்தனின் நாவல், லெனின் ராஜேந்திரன் இயக்கம். பிரெஞ்சுக்காரர்கள் மாஹியை விட்டுப் போன பிறகும் அந்த ஊரை விட்டுப் போக மனமில்லாத அல்போன்ஸோ என்கிற மேஜிக்காரனாக ரகுவரன், மனைவி மேகியாக ஸ்ரீவித்யா. ஊரே கைவிட்ட பிறகும் கையில் இருக்கிற வித்தையை நம்புகிற ஆள். அந்த உயரத்தையும் ஒல்லி உடம்பையும் இவ்வளவு சோகமாக வேறு யாரும் பயன்படுத்தியதில்லை என்பது என் எண்ணம்.

திருச்சிக்காரி

எல்லாருக்கும் நன்றி. கேசட் கடை அண்ணன் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை ‘புரியாத புதிர்’ போட்டேன். பையன் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்தான். படம் முடிந்ததும், “வேற என்னம்மா இருக்கு?” என்று நோட்டை வாங்கிப் புரட்டினான். அடுத்தது ‘ஏழாவது மனிதன்’. தியாகுவைக் கடைசியாகத்தான் காட்டுவேன். அதற்கு முன்னால் அவனிடம் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாலக்காட்டுத் தம்பி, அந்த மலையாளப் படம் என் நோட்டில் இல்லை, இன்றைக்குத்தான் எழுதினேன். மாமா 1991ல் போய்விட்டார். அதனால் இது அவர் பார்க்காத ரகுவரன். முதலில் நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு மலையாளம் அரைகுறைதான், சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.