சுவிஸ் தேசியப் பூங்கா: செப்டம்பர் கடைசியில் இரண்டு நாள், எந்தப் பாதை?

கோவைக்காரன்:
செப்டம்பர் கடைசி வாரம் சூரிச்சில் நண்பர் வீட்டில் தங்குகிறோம். கிழக்கு சுவிஸில் எங்கடின் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கும் சுவிஸ் தேசியப் பூங்காவுக்கு இரண்டு நாள் ஒதுக்கலாம். அப்பாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. மகளுக்கு 10, மான், ஐபெக்ஸ் காட்டாடு பார்க்க வேண்டும் என்கிறாள். காலையில் கிளம்பி மதியம் நடை, இரவு பூங்காவுக்குள் இருக்கும் இல் ஃபுவோர்ன் பக்கம் கூடாரம், கேஸ் அடுப்பில் சமையல், மறுநாள் முர்ட்டேர் கணவாய் என்று திட்டம். நண்பரின் நாயும் வரும். நுழைவுச்சீட்டு எங்கே முன்பதிவு செய்வது?

மலைப்பாதை:
சீட்டே கிடையாது, நுழைவு இலவசம். பூங்காவை ஒட்டிய செர்னெட்ஸ் ஊரில் உள்ள பார்வையாளர் மையத்துக்குத்தான் கட்டணம். ஆனால் உங்கள் திட்டத்தில் பாதிக்கு மேல் அங்கே தடை. கூடாரம் போடக் கூடாது, வாகன நிறுத்தத்தில் காருக்குள் படுத்துத் தூங்கவும் கூடாது. அடுப்பு பற்றவைக்கக் கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனாலும் விடமாட்டார்கள். கல், பூ, உதிர்ந்த மான்கொம்பு எதையும் எடுக்கக் கூடாது. பாதையை விட்டு இறங்கினால் அபராதம். உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்று மஞ்சள் அடையாளமிட்ட ஓய்விடங்கள் இருக்கின்றன, அங்கே உட்காருங்கள். குப்பையை நீங்களே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கெடுபிடி என்று தோன்றும். ஆனால் உங்கள் மகளின் ஆசை நிறைவேறப் போவதே இதனால்தான். 1914-இல் தொடங்கி, இன்று 170 சதுர கி.மீ. அளவுக்கு விரிந்திருக்கும் இந்தப் பூங்காவில் வேட்டை கிடையாது, மேய்ச்சல் கிடையாது, மரம் வெட்டுவதும் கிடையாது. மனிதர்கள் எப்போதும் ஒரே கோட்டில்தான் நடப்பார்கள் என்பது விலங்குகளுக்குப் பழகிவிட்டது. அதனால் பட்டப்பகலிலும் திறந்த புல்வெளியில் நிற்கும். நாலு பேர் குறுக்கே இறங்கினால் அந்தச் சரிவு அன்றைக்குக் காலி.

முர்ட்டேரை விட்டுவிடுங்கள். கணவாய் 2,545 மீட்டர். செர்னெட்ஸிலிருந்து மூன்று மணி நேரம் நடந்து க்ளுவோட்ஸா குடிலில் (1,882 மீ.) இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை ஏறுகிறவர்களுக்கான பாதை அது. ஏற்றத்தைக்கூட மூச்சு வாங்கிச் சமாளிக்கலாம். அந்தப் பக்க இறக்கம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

உங்களுக்கு ஏற்றது வால் ட்ருப்சுன் பள்ளத்தாக்கு. எஸ்-சான்ஃப் ஊரிலிருந்து ட்ருப்சுன் பழைய மேய்ச்சல் குடில் (2,040 மீ.) வரை ஏற்றம் சுமார் 400 மீட்டர்தான், அதுவும் நீளமாகப் பரந்து வரும். நிறுத்தி நிதானமாகப் பார்த்தால் போக வர ஐந்து மணி நேரம் வையுங்கள். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை சிவப்பு மான்களின் இணைசேரும் பருவம். ஆண்மான்கள் உறுமுவது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். பூங்காவுக்கு வெளியே கிராவ்புண்டன் மாநிலத்தில் செப்டம்பரில் வேட்டைக் காலம் என்பதால் மான்கள் எல்லைக்கு உள்ளே ஒதுங்குவதும் உண்டு. காட்டாடுகளை மேலே பாறை விளிம்புகளில் தேடுங்கள்.

சூரிச்_தமிழன்:
அண்ணை, சூரிச்சிலயிருந்து விடிய வெளிக்கிட்டாலும், லண்ட்குவார்ட்டில ரயில் மாறி செர்னெட்ஸ் போய்ச்சேர ரண்டரை மணித்தியாலம் அளவில ஆகும். அங்கயிருந்து எஸ்-சான்ஃபுக்கு இன்னொரு ரயில். நடக்கத் தொடங்கேக்கை பத்து மணி தாண்டிடும். உறுமல் கூடுதலாக் கேக்கிறது காலமையும் பின்னேரமும்தான். அதால முதல் நாள் பின்னேரம் செர்னெட்ஸ் போய் அங்கயே தங்கி, அடுத்த நாள் முதல் ரயிலைப் பிடியுங்கோ. நாய் சூரிச்சிலயே நிக்கட்டும்.

காலமை பூச்சியத்துக்குக் கிட்டக் குளிர் இருக்கும். 2,000 மீட்டருக்கு மேல செப்டம்பரிலயும் பனி கொட்டுறது உண்டு, வெயில் படாத சரிவில அது உறைஞ்சு வழுக்கும். கணுக்கால் மூடின சப்பாத்து, கையுறை, தொப்பி கட்டாயம். சோறு குளிரில விறைச்சுப்போகும், சப்பாத்தி சுத்திக்கொண்டு போங்கோ. அவசரத்துக்கு ரேகா ஹெலிகொப்டர் மீட்பு எண் 1414. பள்ளத்தாக்குக்குள்ள சிக்னல் எல்லா இடமும் வராது. பயணக் காப்புறுதியில மலைமீட்புச் செலவும் அடங்குதோ எண்டு இந்தியாவிலயே பாத்திட்டு வாங்கோ.

கோவைக்காரன்:
மிக்க நன்றி. அப்பாவால் கடைசிவரை நடக்க முடியாவிட்டால்? மறுநாள் நானும் மகளும் மட்டும் போக வேறு பாதை உண்டா?

கழுகுக்கண்:
பூங்கா எல்லைக்குச் சற்று முன்னால் வருஷ் என்ற குடில் இருக்கிறது, சாப்பாடு கிடைக்கும். அப்பா அதுவரை வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

மறுநாள் மார்குனெட். செர்னெட்ஸிலிருந்து ஓஃபென் கணவாய் போகும் போஸ்ட் பஸ்ஸில் இல் ஃபுவோர்னில் இறங்கி, வால் தால் போட்ச் வழியாக ஏறி, மார்குனெட் முகட்டை (2,328 மீ.) தொட்டு, ஸ்டாபெல்சோட் வழியாக இறங்கினால் மீண்டும் சாலைதான். ஏற்றம் 530 மீட்டர் சொச்சம், மூன்றரை மணி நேரம். எலும்புண்ணிக் கழுகுகளை 1991 முதல் 2007 வரை மொத்தம் 26 குஞ்சுகளாகக் கொண்டுவந்து விட்டது அந்த ஸ்டாபெல்சோட் பள்ளத்தாக்கில்தான். எலும்பை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும் பறவை; இறக்கை விரித்தால் கிட்டத்தட்ட 2.9 மீட்டர். வானில் தேடும்போது வாலைக் கவனியுங்கள், ஆப்பு வடிவத்தில் நீண்டிருக்கும். பொன்னாங்கழுகின் வால் விசிறி போல விரியும்.

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 12 மடங்கு எல்லாம் முக்காலித் தாங்கி (ட்ரைபாட்) இல்லாமல் கையில் ஆடும், குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. கிளம்பும் முன் செர்னெட்ஸ் மையத்தில் அன்றைய பாதை நிலவரம் கேட்டுவிடுங்கள். முகட்டில் பனி என்றால் அன்றும் ட்ருப்சுனுக்கே போங்கள்.