கடைவீதி நகை, அடகுக் கடைகள் குழு: ஆயுதத்தோட உள்ள வந்தா

செல்வி அக்கா அடகுக்கடை: தீபாவளி சீசனுக்குப் புதுசா ரெண்டு பொண்ணுங்க கவுண்டர்ல சேர்ந்திருக்காங்க. கத்தி, துப்பாக்கியோட எவனாச்சும் உள்ள வந்தா என்ன பண்றதுன்னு கேட்கறாங்க. தெரிஞ்சவங்க எழுதுங்க, பிரிண்ட் எடுத்து லாக்கர் ரூம்ல ஒட்டணும்.

முருகேசன் நகைக்கடை: கல்லாவுக்குக் கீழ ஒரு உருட்டுக்கட்டையும் மிளகாய்ப்பொடி டப்பாவும் வைக்கச் சொல்லுங்கக்கா.

ஓய்வு எஸ்.ஐ. ஐயா: வேண்டாம் தம்பி. உங்க கடையிலயும் இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க. ஏசி ஓடுற அடைச்ச கடையில பொடி பறந்தா நம்ம ஆளுக்கும் கஸ்டமருக்கும்தான் முதல்ல கண்ணு போகும். கட்டையை ஓங்கினா, மிரட்ட வந்தவன் வெட்ட ஆரம்பிப்பான். தற்காப்பு உரிமை சட்டத்துல இருக்கு. ஆனா நாலடி தூரத்துல நீட்டின துப்பாக்கி முன்னாடி அது நம்மளைக் காப்பாத்தாது.

ஓய்வு எஸ்.ஐ. ஐயா: செல்விம்மா, பொண்ணுங்களுக்கு இதைச் சொல்லுங்க. ரெண்டு கையும் அவன் கண்ணுக்குத் தெரியணும். எதை எடுக்கறதுக்கு முன்னாடியும் வாயால சொல்லணும்: "சாவி டிராயர்ல இருக்கு, வலது கையால எடுக்கறேன்." சொல்லாம கை கீழ போனா ஆயுதம் எடுக்கறாங்கன்னு நினைச்சுச் சுட்டுடுவான். கேட்டதை மட்டும் கொடுங்க. கேட்காததை நாமளா காட்ட வேண்டாம். உள் ரூம்ல ஆள் இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, அவங்க திடீர்னு வெளிய வந்தா அவன் பதறுவான். பதற்றத்துலதான் உயிர் போகுது.

செல்வி அக்கா அடகுக்கடை: கால்ல அமுக்கற அலாரம் பட்டன் இருக்கே ஐயா?

ஓய்வு எஸ்.ஐ. ஐயா: சத்தம் வராத அலாரம்னா, அவன் பார்வை வேற பக்கம் இருக்கும்போது அமுக்கலாம். சைரன் அலறுற டைப்னா அவன் வெளிய போற வரைக்கும் தொடவே கூடாது. உள்ள இருக்கும்போது அலறினா, அங்க இருக்கறவங்களைப் பணயமா பிடிச்சுக்குவான்.

ரவி சிசிடிவி: முகத்தையே முறைச்சுப் பார்க்க வேண்டாம்னும் சேர்த்துக்கோங்கக்கா. ஒருத்தர் ஒரு ஆளை மட்டும் மனசுல வெச்சா போதும். சட்டை, மாஸ்க்கைக் கழட்டி எறிஞ்சிடுவாங்க. செருப்பு, நடை, பேச்சு வழக்கு, காது, கையில இருக்கற தழும்பு, பச்சை குத்தினது மாறாது. கதவு நிலையில 5 அடி, 5½ அடி, 6 அடிக்கு கலர் டேப் ஒட்டிட்டா, வெளிய போகும்போது உயரம் பிடிபட்டுடும்.

முருகேசன் நகைக்கடை: வெளிய போனதும் துரத்தறதா?

ஓய்வு எஸ்.ஐ. ஐயா: கூடவே கூடாது. வண்டி நிறம், நம்பர்ல கடைசி நாலு எண், எந்தத் திசை. இதைப் பார்த்தா போதும். உடனே ஷட்டரை இறக்கிட்டு 112. முதல் வரியிலயே "ஆயுதத்தோட கொள்ளை"ன்னு சொல்லணும், அப்புறம் அடையாளத்தோட இடம், எத்தனை பேர், என்ன ஆயுதம், யாருக்காச்சும் காயமா, எந்தப் பக்கம் போனாங்க. அவங்க வைக்கச் சொல்ற வரைக்கும் போனை வைக்காதீங்க. காயம் இருந்தா இன்னொரு போன்ல 108. முதலாளிக்கும் சொந்தக்காரங்களுக்கும் அதுக்கப்புறம்தான்.

ஓய்வு எஸ்.ஐ. ஐயா: போலீஸ் வர்ற வரைக்கும் அவன் கை பட்ட கண்ணாடி, கதவுக் கைப்பிடி, கீழ போட்டுட்டுப் போன பை எதையும் தொடக்கூடாது. சுத்தி ஸ்டூல் போட்டு மறிச்சுடுங்க. அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் உள்ள வந்து நிப்பாங்க, காலடித் தடமே அழிஞ்சிடும். பார்த்தவங்க ஒருத்தரோடு ஒருத்தர் பேசறதுக்கு முன்னாடி தனித்தனியா எழுதி வைக்கணும். பேசிட்டா நாலு பேர் ஞாபகமும் ஒண்ணாக் கலந்துடும்.

இன்சூரன்ஸ் பாலு: புகார்ல எண்ணிக்கையும் ஆயுதமும் சரியா வரணும். பாரதிய நியாய சன்ஹிதாவுல (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) கொள்ளைக்குப் பிரிவு 309, அஞ்சு பேரோ அதுக்கு மேலயோன்னா 310, கொல்ற மாதிரி ஆயுதத்தைப் பயன்படுத்தியிருந்தா 311, அதுக்குக் குறைஞ்சது 7 வருஷம். வெறும் "நகை திருட்டு"ன்னு எழுதினா கேஸோட கனமே போயிடும். எந்த ஸ்டேஷன்லயும் எஃப்.ஐ.ஆர். பதியலாம், காப்பி இலவசம்.

ரவி சிசிடிவி: இப்ப டிவிஆர், அதான் கேமரா காட்சியைப் பதியற பெட்டி. 2 எம்பிபிஎஸ்ல (வினாடிக்கு 2 மெகாபிட்) ஓடுற கேமரா ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 21 ஜிபி. நாலு கேமரான்னா 1 டிபி டிஸ்க் 11 நாள்தான் தாங்கும், அப்புறம் பழசு மேலயே பதியும். நோட்டம் பார்க்க வந்த நாளோட காட்சி அதுல போயிடும். அதனால 4 டிபி போடுங்க. டிவிஆர் நேரம் போன் நேரத்தோட எத்தனை நிமிஷம் வித்தியாசம்னு எழுதி வைங்க, கோர்ட்ல முதல்ல அதைத்தான் பிடிப்பாங்க. சம்பவத்துக்கு அப்புறம் நேரத்தைத் திருத்தவே கூடாது. காப்பி கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவு சான்றிதழ் வேணும், அதுல ஹாஷ் மதிப்பும் (ஃபைலை யாரும் மாத்தலைன்னு காட்டற, கைரேகை மாதிரி ஒரு குறியீடு) வரணும்.

ரவி சிசிடிவி: கூரையில 10 அடி உயரத்துல மாட்டின கேமராவுக்குத் தொப்பிதான் தெரியும். வாசலுக்கு உள்பக்கம் 5½ அடி உயரத்துல ஒண்ணு மாட்டுங்க. வெளி வெயில் முகத்தைக் கருப்பாக்கும், டபிள்யூடிஆர் (வெளிச்சம், இருட்டு ரெண்டையும் ஒண்ணா சமாளிக்கற வசதி) உள்ளதா கேளுங்க. டிவிஆரையே தூக்கிட்டுப் போற கும்பலும் உண்டு. ஒரு காப்பி ஆன்லைன்ல ஓடட்டும்.

செல்வி அக்கா அடகுக்கடை: லாக்கர் பையில ஜிபிஎஸ் வைக்கறது நிஜமாவே உதவுமா?

ஓய்வு எஸ்.ஐ. ஐயா: உதவும்மா. 2021 ஜனவரி 22-ல ஓசூர் நகைக்கடன் கம்பெனியில 25 கிலோ போச்சு. பைக்குள்ள இருந்த ஜிபிஎஸ்ஸை வெச்சு மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிச்சாங்க. ஆனா சார்ஜ், சிம் ரெண்டையும் மாசாமாசம் பார்க்கணும்.

முருகேசன் நகைக்கடை: 2022 ஆகஸ்ட்ல சென்னை அரும்பாக்கத்துல ஒரு நகைக்கடன் கம்பெனியில நடந்த கொள்ளையில, முக்கியமா பிடிபட்டவன் அதே கம்பெனி ஊழியராச்சே.

இன்சூரன்ஸ் பாலு: ஆமாண்ணே. அதனாலதான் ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசியில (நகைக்கடை இன்சூரன்ஸ்) ஊழியர் மோசடி சேர்ந்திருக்கான்னு தனியாப் பாருங்க. பொதுவா அது வெளிய இருக்கும், கூடுதலா வாங்கணும். ராத்திரி லாக்கருக்கு வெளிய இருந்த நகையையும் பெரும்பாலும் ஏத்துக்க மாட்டாங்க. அடகு நோட்டோட பக்கங்களைப் படம் பிடிச்சு கடைக்கு வெளிய வெச்சாதான், போன பொருள் யாரோடது, எத்தனை கிராம்னு காட்ட முடியும்.

செல்வி அக்கா அடகுக்கடை: திறக்கற நேரமும் மூடற நேரமும்தான் எனக்குப் பயமே.

ஓய்வு எஸ்.ஐ. ஐயா: ரெண்டு பேரா வாங்க. ஒருத்தர் எதிர் டீக்கடையில நின்னு பார்க்கட்டும், ஒருத்தர் திறக்கட்டும். உள்ள எல்லாம் சரின்னா வாசல் காலண்டரைத் திருப்பி மாட்டணும். அஞ்சு நிமிஷத்துல அது திரும்பலைன்னா, வெளிய நிக்கறவர் உள்ள போகாம 112 அடிக்கணும். லாக்கருக்கு ரெண்டு சாவி, ரெண்டு பேர் கையில.

ரவி சிசிடிவி: ஞாயிறு காலையில 8 மணிக்கு வரேன். எல்லார் டிவிஆர் நேரத்தையும் ஒரே போன் வெச்சுச் சரிபார்த்துடலாம். பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க கடையில இருங்க.